ஏழாம் தூணில் ஒரு சிவப்புக் குறிப்பு

வரைபட அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

என் பிரியாவிடை அன்று நீங்கள் மாலை போட்டு, சால்வை போர்த்தி, என்னைச் சாமி ஊர்வலத்துக்குத் தயார் செய்வது போல உட்கார வைத்தீர்கள். அப்போது உங்களில் ஒருவர் எழுந்து, "மலைநாட்டுல எந்த ஸ்டோருல எந்தத் தூண் எப்பிடி நிக்குதுன்னு சாருக்கு மனப்பாடம். எடத்தப் பாக்காமலே சொல்லுவாரு" என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சப்படுகிறார் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அப்போது எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அந்த ஞாபகசக்தி என்னுடையது இல்லை. யாருடையது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முப்பத்தைந்து வருடம் வேலை செய்தவன் அறிவுரை சொல்லுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று படித்து முடித்த பிறகு நீங்களே தீர்மானியுங்கள்.

முதலில் நம் கம்பனியின் பழைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது உங்கள் காலத்துக்கு முன்பே ஒழிந்துவிட்டது. ஒழித்தவன் நான்.

ஹட்டனில் இருந்துகொண்டு நாம் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும். ஸ்டோர் என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மெஷின் பூட்டுவது, பழுது பார்ப்பது, கொழுந்து வாட்டும் மாடிக்குக் காற்றாடி வைப்பது. இந்தக் கட்டடங்கள் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் மலைச்சரிவை வெட்டி அதன் விளிம்பில் நிறுத்தியவை. படத்தில் நேராக இருக்கும் சுவர் இடத்தில் சாய்ந்திருக்கும். படத்தில் பன்னிரண்டு அடி என்று இருந்தால் இடத்தில் பதினொன்றே முக்கால். அதனால் எங்கள் வரைபட அறையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பினாலும், இஞ்சினியரோ ஃபிட்டரோ, தேநீர்க் கோப்பையைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் படத்தை எடுத்து, தான் பார்த்த வித்தியாசத்தைச் சிவப்புப் பென்சிலால் எழுத வேண்டும். கீழே பெயர் போட வேண்டும். தமிழிலும் எழுதலாம், சிங்களத்திலும் எழுதலாம். "சிவப்பு வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பியோன் தேநீர் ஊற்றுவான்.

இந்தக் கட்டுப்பாட்டை யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு படத்தில் "இந்தச் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது" என்று இருக்கும். இன்னொன்றில் "மேல்மாடிப் பலகை உக்கிவிட்டது, நடுவில் மிதிக்காதே" என்று இருக்கும். ஒரு படத்தில், மாடிப்படிக்குப் பக்கத்தில், "டீமேக்கருடைய நாய் கடிக்கும்" என்று எழுதி ஒருவர் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அந்த நாயால்தான் எல்லாம் கெட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். செத்துப்போன நாயின் மீது பழி போடுவது எவ்வளவு வசதி பாருங்கள்.

கொழும்பில் ஒரு கம்பனி கொம்பியூட்டரில் வரைந்த படங்களைக் கொண்டுவந்து நம் வாடிக்கையாளர்களிடம் காட்டத் தொடங்கியபோது டைரக்டர் பயந்துவிட்டார். இப்போதிருப்பவர் இல்லை, இவருடைய மாமனார். இரண்டு கொம்பியூட்டர் வாங்கினார். என்னை மூன்று வாரம் கொழும்புக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். திரும்பி வந்தபோது எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. மவுசைப் பிடித்து ஒரு வட்டம் போட்டுக் காட்டினால், இருபது வருடம் காம்பஸ் பிடித்த ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அந்த வாய்களைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு உதவிக்கு ஸ்டெல்லா என்று ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றிலிருந்து வந்தவள். உயர்தரப் பரீட்சைக்குக் கணிதம் படித்தவள். அவளுடைய அப்பா அந்தத் தோட்டத்து ஸ்டோரிலேயே வேலை செய்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள், கடைசிக்கு முந்திய பஸ்ஸில் போவாள். நான் மூன்று வாரத்தில் படித்ததை அவள் எட்டு நாளில் என்னைப் பார்த்தே படித்துவிட்டாள். பிறகு எனக்குத் தெரியாததையும் செய்யத் தொடங்கினாள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய். பொறாமையாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல், "பரவால்ல, கெட்டிக்காரிதான்" என்று பெரிய மனிதன் போலப் பேசினேன்.

பழைய படங்களையெல்லாம் வருடம் முடிவதற்குள் கொம்பியூட்டரில் ஏற்ற வேண்டும் என்பது டைரக்டரின் கட்டளை. ஒருநாள் அறைக்குள் வந்து மேலே இருந்த படத்தை எடுத்தார். நாய் இருந்த படம் அவர் கையில் அகப்பட்டது.

"இதென்னய்யா இது? நாய் கடிக்கும்னு எழுதின படத்த கஸ்டமருக்குக் குடுத்தா நம்மள என்னன்னு நெனைப்பான்?"

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடவே சிரித்தேன். அவர் போன பிறகு ஸ்டெல்லாவிடம், கறுப்பு மையால் வரைந்த கோடுகளை மட்டும் ஏற்று, சிவப்பு ஒன்றும் வேண்டாம் என்றேன்.

அவள் கையில் இருந்த படத்தைப் பார்த்தாள். "சார், இதுல ரொம்ப விஷயம் இருக்குதுங்களே. பேரெல்லாம் போட்டிருக்காங்க."

"கிறுக்கல் ஏத்துறதுக்கா கம்பனி கொம்பியூட்டர் வாங்கியிருக்கு?"

"கிறுக்கல் இல்லீங்க சார். பாத்துட்டு வந்து எழுதினது."

"சொன்னதச் செய் புள்ள."

அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவள் முகம் சுருங்கியது. "சரிங்க சார்" என்று திரும்பி உட்கார்ந்தாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். மூன்று பேர் முன்னால் ஒரு சின்னப் பெண் என்னைத் திருத்துவதா என்பதுதான் என் பிரச்சினையாக இருந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள். நான் செய்த பெரிய தவறுகள் எதுவும் தெரியாமல் செய்தவை அல்ல.

ஏற்றி முடித்த பிறகு பழைய படங்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை கஞ்சி ஏற்றிய துணியில் வரைந்தவை. வெந்நீரில் ஊற வைத்துத் துவைத்தால் கஞ்சியும் மையும் போய் நல்ல வெள்ளைத் துணி கிடைக்கும். வேக்ஷொப் ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டோம். குழந்தைகளுக்குச் சட்டை தைத்தார்கள். எல்லோர் சட்டைப்பையிலும் வெள்ளைக் கைக்குட்டை முளைத்தது. எங்கள் வீட்டில் இரண்டு தலையணை உறை. எத்தனை பேருடைய எச்சரிக்கையின்மேல் நான் தலை வைத்துப் படுத்தேனோ தெரியாது.

அடுத்த வருடம் ஸ்டெல்லாவின் தோட்டத்து ஸ்டோரிலிருந்தே ஒரு வேலை வந்தது. கொழுந்து மூட்டைகளை மேல்மாடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளிக்கொண்டு போக, உத்தரங்களில் தொங்கும் இரும்புத் தண்டவாளம் ஒன்று வேண்டும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து அடைமழை. வழியில் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. ஆனால் தோட்டக் கம்பனிக்கு அவசரம், கொழுந்து பெருகும் காலத்துக்கு முன் முடிய வேண்டும். பாதை திறக்கும் வரை பொறுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வரைகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் திரையைத் தட்டிக் காட்டி, "போகத் தேவையில்ல சார். எல்லாம் இதுக்குள்ள இருக்கு" என்றேன்.

இரண்டு நாளில் வரைந்து முடித்தேன். ஏழாம் தூணின் தலையில் இருக்கும் உத்தரத்தில் தண்டவாளத்தின் ஒரு கொக்கியை மாட்டினேன். திரையில் அந்தத் தூண் மற்றத் தூண்களைப் போலவே நேராக, சுத்தமாக நின்றது.

பாதை திறந்ததும் நம் ஆட்கள் போய்ப் பூட்டிவிட்டு வந்தார்கள். தூண் முழுக்கச் சீமெந்து பூசி வெள்ளையடித்திருந்ததால் அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. திறப்பு அன்று நான் ஒரு வேலை செய்தேன். படத்தைப் பெரிய தாளில் கலரில் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, தண்டவாளம் தொடங்கும் இடத்தில் சுவரில் தொங்கவிட்டேன். மூட்டை தள்ளும் வேலைக்குப் பெருமாள் என்று ஒருவரைப் போட்டிருந்தார்கள். ஒல்லியான, கலகலப்பான மனிதர். ஸ்டெல்லாவின் வீட்டுக்கு அடுத்த லயம். அவர் அந்தப் படத்துக்கு முன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "படம் லட்சணமா இருக்குங்கய்யா. எழுத்தெல்லாம் அச்சுல அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்றரை மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு காலை, பத்து மணி இருக்கும், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் தொலைபேசியில் கூப்பிட்டார். தண்டவாளம் விழுந்துவிட்டது, ஒருவர் அடியில் அகப்பட்டுவிட்டார் என்றார்.

நான் லொறியில் போய்ச் சேர்ந்தபோது பெருமாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மாடி முழுக்கக் கொழுந்து சிதறிக் கிடந்தது. ஏழாம் தூணின் தலையில் சீமெந்துப் பூச்சு உடைந்து விழுந்திருந்தது. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இரும்பு ஆப்புகள் தெரிந்தன. ஒன்று கழன்று தரையில் கிடந்தது. சுவரில் என் படம் ஒரு பக்கமும் சாயாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஆப்பைக் கையில் எடுத்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மண்சரிவுக்குப் பிறகு அந்த ஸ்டோருக்குப் போய்வந்த ஒரு ஃபிட்டர் நனைந்த உடம்போடு நின்று சிவப்பு வைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பிறகு அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். அவர் விட்டுவிட்டுப் போனது அந்த நான்கு வரிதான்.

பெருமாளுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஸ்டெல்லா எனக்கு முன்னாலேயே வந்து கொம்பியூட்டருக்கு முன் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. கதவைச் சாத்தச் சொன்னாள்.

"சார், ஏழாம் தூணுக்கு சிவப்பு இருந்துச்சுங்க."

நான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் அழிக்கல சார். நீங்க வேணாம்னு சொன்னதுனால வெளிய தெரியாம வச்சிருக்கேன். பாருங்க."

லேயர் என்றால் உங்களுக்குத் தெரியும். வீட்டில் வேறு யாராவது படித்தால் விளங்குவதற்காகச் சொல்கிறேன். கொம்பியூட்டரில் ஒரு படத்தைப் பல மெல்லிய தாள்களாகப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன பல்பு இருக்கும். பல்பை அணைத்தால் அந்தத் தாள் மறைந்துவிடும், ஆனால் அழியாது. ஸ்டெல்லா ஒரு பல்பை அழுத்தினாள். என் சுத்தமான படத்தின்மேல் சிவப்பாக எழுத்துகள் எழும்பி வந்தன. அந்த ஃபிட்டர் எழுதியபடியே, அவருடைய எழுத்துப்பிழையோடு, அவருடைய பெயரோடு.

"எல்லாப் படத்துலயும் இப்பிடித்தாங்க செஞ்சிருக்கேன். சிங்களத்துல இருந்தத ஸ்டோர்கீப்பர்கிட்ட கேட்டுக் கேட்டு ஏத்தினேன். இந்தத் தண்டவாளம் எங்க ஸ்டோருக்குன்னு பூட்டப் போனப்பதான் சார் எனக்குத் தெரியும். நீங்க பழைய படத்துலயே இதப் பாத்திருப்பீங்க, பாத்துட்டுத்தான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சிட்டேன்." அவள் அழத் தொடங்கினாள். "பெருமாளண்ணே என்னயத் தூக்கி வளத்தவரு சார். நாளைக்கு மீட்டிங்ல என்னயக் கூப்பிட்டாங்கன்னா இதத் தெறந்து காட்டவா? நீங்க வேணாம்னு சொன்னதயும் சொல்லணுமே, அதான் ஒங்ககிட்ட மொதல்ல கேக்குறேன்."

என்னைக் காட்டிக்கொடுக்கலாமா என்று என்னிடமே அனுமதி கேட்கிறாள். அப்படிப்பட்ட பெண்.

"நீ ஒண்ணும் பேசாத. வெளிய பெஞ்சுல இரு. நான் பாத்துக்கிறேன்" என்றேன். அதைச் சொன்னபோது நான் பார்த்துக்கொள்ளத்தான் நினைத்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

மறுநாள் டைரக்டர் அறையில் கூட்டம். தோட்டக் கம்பனியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஸ்டெல்லா வெளியே, கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போனேன். வந்தவர்களில் மூத்தவர் சுற்றி வளைக்காமல் கேட்டார். "அந்தத் தூண் பத்தி ஒங்க பழைய படத்துல ஒண்ணும் இருக்கலியா?"

டைரக்டர் என்னைப் பார்த்தார். அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது. இது என் தலையில் விழுந்தால் கம்பனியின் தலையில் விழும், கம்பனி சும்மா விட்டாலும் கொம்பியூட்டர் படித்தவன் என்ற என் மரியாதை அன்றோடு போய்விடும். இதையெல்லாம் நான் வரிசையாக யோசிக்கவில்லை. ஒரே மூச்சில் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது.

"பழைய படத்தில இருந்திருக்கலாம். கொம்பியூட்டர்ல ஏத்தினது ஸ்டெல்லா" என்றேன்.

அவ்வளவுதான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. இருந்தது உண்மை. ஏற்றியது ஸ்டெல்லா என்பதும் உண்மை, கோப்பில் அவள் பெயர் இருக்கிறது. நெருக்கடியில் மனிதன் பொய் சொல்லுவான் என்று உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். பொய்யை அடையாளம் கண்டு நிறுத்திக்கொள்ளலாம். பாதி உண்மை ஒன்று வாய்க்குத் தோதாக வந்து நிற்கும், அதைத்தான் கவனிக்க வேண்டும். டைரக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "புதுப் பொண்ணு, கவனக்கொறவு" என்றார். வந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

நான் வெளியே வந்தேன். ஸ்டெல்லா எழுந்து நின்றாள்.

"என்னயக் கூப்புடுறாங்களா சார்?"

"இல்ல, முடிஞ்சிருச்சு. நீ போ, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் உடனே போகவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் படியிறங்கத் தொடங்கிய பிறகு, பின்னால், "சரிங்க சார்" என்று கேட்டது.

மறுநாள் அவளுக்கு வேலை நீக்கக் கடிதம் போனது. தோட்டத்தில் விஷயம் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. "ஸ்டெல்லா போட்ட படத்துலதான் பெருமாளு காலு போச்சு" என்று பிள்ளையிலிருந்து கிழவர் வரை பேசினார்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் இரண்டு லயங்கள். ஒரு லயத்தில் கால் போன மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அடுத்த லயத்தில் அதற்குக் காரணம் என்று எல்லோரும் கை காட்டும் பெண் இருக்கிறாள். அந்த வருடம் முடிவதற்குள் அவள் தோட்டத்தை விட்டே போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருக்க நிறைய வேலை எடுத்துக்கொண்டேன்.

இனி என் ஞாபகசக்திக்கு வருகிறேன்.

அவள் போன பிறகு ஒவ்வொரு படமாகத் திறந்து பல்பைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சிவப்பு இருந்தது. நாய்கூட இருந்தது. செத்து எத்தனையோ வருடமான நாயையும் அவள் விடவில்லை. நான் அந்தப் படங்களை என் மேசைக் கொம்பியூட்டரில் பூட்டி வைத்துக்கொண்டேன். சிவப்பை நீக்கிய பிரதிகளைத்தான் உங்களுக்குப் பொதுவில் வைத்தேன். ஒரு வேலை வந்தால் போதும், தனியாகத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "அந்தச் சுவர்ல துளை போடாதீங்க, உள்ள தண்ணி ஓடுது" என்பேன். நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். இடத்துக்குப் போய்ப் பார்த்தால் தண்ணீர் ஓடும். அதற்குப் பிறகு நம் வேலையில் யாருக்கும் கை கால் போகவில்லை. அந்தப் பேரும் புகழும் எனக்கு. ஒருநாளாவது உறுத்தியிருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். முதல் இரண்டு வருடம் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. உங்களிடம் ஒளிக்காமல் சொல்வதென்றால், எனக்குப் பயமாக இருப்பது அந்தப் பழகிப்போனதுதான்.

உங்கள் கைதட்டல் அதைக் கலைத்துவிட்டது. அடுத்த வாரம் விசாரித்துக்கொண்டு போனேன். தூரமாகப் போக வேண்டியிருக்கவில்லை. கொட்டகலையில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு கொமினிகேஷன் கடை. ஃபோட்டோக்கொப்பி எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது. ரயிலிலும் பஸ்ஸிலும் நான் ஆயிரம் தடவை கடந்துபோன இடம். ஸ்டெல்லாவுக்கு முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பக்கத்துக் கடையில் தேநீர் சொன்னாள்.

அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் நான் நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். கூட்டத்தில் என்ன சொன்னேன் என்று சொல்ல வந்தபோது நாக்குப் புரளவில்லை.

அவள் என்னைச் சிரமப்படுத்தவில்லை. "தெரியும் சார். கதவு அன்னிக்கு சரியாச் சாத்தல."

அவள் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்ப என்னயக் கூப்புடுறாங்களான்னு கேட்டியே?"

"ஆமாங்க சார். கேட்டா, நீங்க திரும்பி உள்ள போவீங்கன்னு நெனச்சேன்."

தேநீர் வந்தது. ஒரு பிள்ளை அடையாள அட்டையின் பிரதி எடுக்க வந்து நின்றது. எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன சார் செய்ய? எனக்குத்தான் தெரியுமே. பெருமாளண்ணேகிட்டப் போய்ச் சொல்லுங்க. எங்கப்பா போன வருஷம் எறந்துட்டாரு. அடுத்த லயத்துல இருந்துகிட்டும் பெருமாளண்ணே சாவு வீட்டுக்கு வரல." குரல் அங்கேதான் உடைந்தது. "எங்கப்பா கடைசிவரைக்கும் அவரு வருவாருன்னு வாசலப் பாத்துகிட்டே இருந்தாருங்க."

நான் அந்த ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவைக்கு பஸ் ஏறினேன். பெருமாள் லயத்து வாசலில் பலகையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "படம் போட்ட ஐயாவா?" என்றார்.

இந்தத் தடவை நான் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. சிவப்பு வைக்கும் வழக்கம், நான் வேண்டாம் என்றது, ஸ்டெல்லா மறைத்துக் காப்பாற்றியது, கூட்டத்தில் நான் சொன்ன வார்த்தை, எல்லாம் சொன்னேன். அவர் கீரையை உருவுவதை நிறுத்தினார். திட்டுவார், ஊன்றுகோலை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தச் சிவப்புல என்னான்னுங்கய்யா எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்கு மனப்பாடம். மனப்பாடம் என்று நான் உண்மையாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். "ஏழாம் தூண் அடிமண் இறங்கிவிட்டது. தலையில் ஆப்பு வைத்து நிறுத்தியிருக்கிறது. இதில் எதையும் தொங்கவிடாதே. அடியில் யாரும் நிற்காதே."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"தமிழ்லயா எழுதியிருந்துச்சு?"

"ஆமா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. இல்லாத காலின் பக்கம் சாரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் ஒம்பதாம் வகுப்பு வரைக்கும் படிச்சவனுங்கய்யா. அந்தப் படம் எந்நேரமும் என் மொகத்துக்கு நேராத்தான தொங்குச்சு. எனக்கு வாசிக்கத் தெரியுமேங்க."

அவர் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, "அவங்க அப்பனக்கூட நான் போய்ப் பாக்கலியே" என்று தனக்குள் சொன்னார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, ஸ்டெல்லா வீட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது.

டைரக்டருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, ஸ்டெல்லாவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். உங்களிடம் எனக்கு ஒரு உதவி வேண்டும். என் பழைய மேசையின் இரண்டாவது இழுப்பறையில், காகிதங்களுக்கு அடியில், கொம்பியூட்டரின் கடவுச்சொல் ஒரு துண்டில் இருக்கிறது. அவளுடைய படங்கள் அத்தனையும் உள்ளே இருக்கின்றன. பொதுவில் இருக்கும் என்னுடைய பிரதிகளை நீக்கிவிட்டு இவற்றை வையுங்கள். பல்புகளைப் போடுங்கள். நாயையும் விட்டுவையுங்கள். இனி தோட்டத்திலிருந்து திரும்பினால் தேநீருக்கு முன்னால் நீங்களும் எழுதுங்கள்.

ஏழாம் தூண் இருக்கும் படத்தைக் கடைசியாகத் திறங்கள். அந்த ஃபிட்டருடைய நான்கு வரிக்குக் கீழே இடம் இருக்கிறது. நானும் அந்தத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன், இன்னும் சிவப்பு வைக்கவில்லை. எனக்குப் பதிலாக இதை எழுதி, என் பெயரை முழுதாகப் போடுங்கள்: "மேலே உள்ளது வேண்டாம் என்றது நான். அழியாமல் காத்தது ஸ்டெல்லா."